ஈரமில்லாத அறை

மாதர் சங்கத்துக் கட்டடத்துக்குச் சுண்ணாம்புக் காரை பூசிக்கொண்டிருந்த ஐப்பசி மாதத்தில்தான் அது நடந்தது. அந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்யாமல் நின்று பெய்தது. வைகையில் செம்மண் தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போனது. மதுரைக் கோச்சடையில் துணி காயாமல் வாடை அடிக்காத வீடு கிடையாது.

ஆற்றுக்குப் போகிற தெருவில், இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே ஒடுங்கி நின்றது சங்கம். மங்களூர் ஓடு வேய்ந்த நீளமான கூடம், முன்னால் மரத்தூண் வைத்த வராந்தா, பின்னால் சமையல்கட்டு, அதை ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறை. பெண்கள் கைராட்டை சுற்றிய காலத்தில் ஒரு பட்டு வியாபாரியின் விதவை எழுதிக் கொடுத்த இடம். இந்தக் கூடத்தில் தையல் படித்துப் பிழைத்த பெண்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரியாஸ்பத்திரியில் நோயாளிகளோடு வந்து தங்கியிருப்பவர்களுக்கு இங்கிருந்துதான் சாப்பாடு போகும். பின்னால் இருந்த சின்ன அறை, போக்கிடம் இல்லாமல் வருகிற பெண்களுக்காக.

சுவர் வெடித்துவிட்டது, இடிக்க வேண்டும் என்று போன வருஷம் நோட்டீஸ் வந்தபோது சங்கத்துப் பெண்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். பழைய முறைப்படியே சரி செய்து, பொறியாளர் வந்து பார்த்துச் சுவர் தாங்கும் என்று சொன்னால் விட்டுவிடுகிறோம் என்றார்கள் அதிகாரிகள். அதற்குத்தான் இந்தக் காரைப் பூச்சு. பொறியாளர் அந்த வாரக் கடைசியில் வருவதாக இருந்தார். அவர் சரியென்று சொல்லிவிட்டால் நூற்றாண்டு விழா வைப்பதாகத் திட்டம்.

செயலாளர் முனீஸ்வரி அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். காரைக்கு ஊற்றுகிற தண்ணீரில் கடுக்காயும் வெல்லமும் ஊற வேண்டும். கூலிக்கு ஆள் வைக்காமல் அந்த வேலையைப் பெண்களே எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு சுத்தியல். உடைக்க உடைக்கக் கையெல்லாம் மஞ்சள் கறுத்து, துவர்ப்பு வாடை மூக்கிலேயே நின்றது.

“இந்தக் கறை கல்யாண வீட்டுக்குப் போனாலும் போகாது போலயே முனீசு,” என்றாள் மலையம்மாள். சங்கத்துச் சமையல் முழுக்க அவள் பொறுப்பு.

“போகாட்டி என்ன? மருதாணின்னு சொல்லிக்க.”

“இந்த வயசுல மருதாணி வச்சா எம் புருசன் எவன் பாக்கவான்னு கேப்பாரு.”

பெண்கள் சிரித்தார்கள். தலைவி பத்மாசினி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “கையும் வேலை செய்யட்டும்,” என்றாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சௌராஷ்டிர மொழி, வெளியில் மதுரைத் தமிழ். எல்லாருக்கும் டீச்சரக்கா.

முனீஸ்வரியை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. புருஷன் அழகுராஜா காளவாசலில் டயர்க் கடை வைத்திருந்தார். பெண்டாட்டியை அடித்தவன் வீட்டு வாசலில் போய் நின்று, “வெளிய வாய்யா, ஒன்னையப் பாக்கணும்” என்று கூப்பிடக்கூடியவள் அவள். அப்படி அவள் கூப்பிட்டு வெளியே வந்து, தெருவே பார்க்கத் தலைகுனிந்து நின்ற ஆம்பளைகள் உண்டு.

அவளுக்கு அன்று காலையிலேயே ஊரிலிருந்து போன் வந்திருந்தது. நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிராமத்தில் அவளுடைய ஆத்தா ஒச்சாயி, தம்பி நல்லகாமனோடு இருந்தாள்.

“அவ பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டா முனீசு. அங்கதான் வாரா போல. சங்கத்துல வச்சுக்கிராதத்தா. நம்ம வீட்டுப் பேச்சு அம்புட்டுப் பேரு வாயிலயும் நாறிப்போகும். தம்பிய நெனைச்சுப் பாரு.”

முனீஸ்வரி போனை வைத்துவிட்டாள். அப்பன் செத்தபோது நல்லகாமன் கைப்பிள்ளை. ஆத்தா களையெடுக்கப் போனால் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே இவள் கஞ்சி காய்ச்சுவாள். அவன் பெண்டாட்டியை அடிக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ளாமல் இருந்து பழகியிருந்தாள்.

சுத்தியலை ஓங்கியவள், வாசலில் ஆள் நிற்பதைப் பார்த்து நிறுத்தினாள். தம்பி பெண்டாட்டி பாண்டிச்செல்வி. சேலை முழங்கால் வரை நனைந்து ஒட்டியிருந்தது. இடுப்பில் மகள் வாணி, தலைக்கு மேல் உரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு.

“மதினி.”

முனீஸ்வரி சட்டென்று எழுந்து போனாள். மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்னால் அவளைக் கையைப் பிடித்து, கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கிற சந்துக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ஓட்டிலிருந்து தண்ணீர் சரம் சரமாக இறங்கிக்கொண்டிருந்தது.

“என்னத்தா ஆச்சு?”

“நேத்து அருவாமனையத் தூக்கி எறிஞ்சிட்டாரு மதினி. பிள்ள தலைக்கிட்டப் போயி விழுந்துச்சு.”

“குடிச்சிருந்தானா?”

“குடிக்காட்டி எறிய மாட்டாருன்னு நெனைக்கிறீங்களா?”

முனீஸ்வரி பிள்ளையின் தலைக்கு மேல் சாக்கை இழுத்துவிட்டாள்.

“கொஞ்ச நாளைக்கு இங்க இருந்துக்கிறேன் மதினி. பின்னாடி ரூமு ஒன்னு இருக்குன்னு நீங்கதான சொல்லுவீங்க. ஒரு மெசின எனக்குக் குடுத்தீங்கன்னா தச்சுக் கழிச்சிருவேன். சோத்துக்குப் பாரமா இருக்க மாட்டேன்.”

“நம்ம வீட்டுக்கு வா.”

“ஒங்க வீட்டுக்கு வந்தா அன்னைக்குச் சாயங்காலமே வந்து நிப்பாரு. அழகுராஜாண்ணன் நல்லவரு, சரி போத்தான்னு ஒரு வார்த்த சொல்லுவாரு. நானும் போயிருவேன். எத்தன தடவ போயிருக்கேன். இங்கன்னா இம்புட்டுப் பொம்பளைக இருக்கீங்க. உள்ள காலு வைக்க மாட்டாரு.”

“ஒங்கண்ணனுக்குப் போன் போட்டியா?”

“அது திருப்பூர்ல ஒத்த ரூமுல ஆறு பேரோட கெடக்கு. என்னய எங்கிட்டு வச்சுக்கிரும்?”

சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவருடைய முகமும் முனீஸ்வரிக்கு முன்னால் வந்து போனது. யார் அடிச்சது என்று கேட்பார்கள். தன் தம்பி என்று சொல்ல வேண்டும். நல்லகாமன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியது யார்? இவள்தானே. மலையம்மாள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் பார்ப்பாள்.

“ரூமுல காரை பூசியிருக்கு செல்வி,” என்றாள் முனீஸ்வரி.

செல்வியின் பார்வை அவளைத் தாண்டிப் போனது.

“நாலு செவரும் ஈரம். சுண்ணாம்பு வாடையில பிள்ளைக்கு மூச்சு முட்டிரும். இந்த மழையில எங்க காயுது? ஒரு வாரம் பொறுத்துக்க. காஞ்சதும் நானே வந்து கூட்டியாறேன். அதுக்குள்ள அவன்கிட்ட நான் பேசுறேன்.”

பின்னறைக்குக் காரை பூசவே இல்லை. அந்தச் சுவரில் வெடிப்பு இல்லையென்று கொத்தனார்கள் அதைத் தொடாமல் விட்டிருந்தார்கள். கட்டடத்திலேயே காய்ந்து கிடந்த இடம் அது ஒன்றுதான்.

“கூடத்துல ஒரு ஓரமா…” என்று ஆரம்பித்த செல்வி நிறுத்திக்கொண்டாள். “சரி மதினி.”

அவள் உடனே சரி சொல்லியது முனீஸ்வரிக்கு ஒரு பக்கம் நிம்மதியாகவும் இன்னொரு பக்கம் சுருக்கென்றும் இருந்தது. சமையல்கட்டுக்கு ஓடி, கொத்தனார்களுக்கு வடித்த தக்காளிச் சாதத்தை இரண்டு ஆள் சாப்பாட்டுக்கு வாழை இலையில் கட்டி, மேலே நாலு அப்பளத்தையும் வைத்து எடுத்து வந்தாள். ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டாள். பிள்ளைக்குத் தலை துவட்டத் தன் முந்தானையைக் கொடுத்தாள். அம்புட்டும் செய்தாள்.

“எப்ப அத்தை காயும்?” என்று வாணி கேட்டது.

“சீக்கிரம் காஞ்சிரும்டா கண்ணு.”

வராந்தாவுக்குத் திரும்பியபோது மலையம்மாள் கேட்டாள்: “யாரு முனீசு?”

“தம்பி பொண்டாட்டி. இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தாளாம். மழைக்கு ஒதுங்கினா.”

“உள்ள கூப்பிட்டு ஒரு வாய் டீ குடுத்து அனுப்பக் கூடாதா?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா.”

சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் குட்டியானை லோடு வண்டி வைத்துப் பரவை மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிக்கொண்டிருந்தவன். பின்னால் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது.

“ஏன்டா, கைய நீட்டுறியாமே?”

“இல்லக்கா. அன்னைக்கு வண்டிக்கு டியூ கட்டலன்னு ஒரு எரிச்சல்ல… இனிமேத் தொட மாட்டேன்க்கா. ஆத்தா மேல சத்தியம்.”

இதே பேச்சை எத்தனையோ ஆம்பளைகளிடம் அவள் கேட்டிருக்கிறாள். ஒருவனையும் நம்பியதில்லை. ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்துட்டுப் பேசு என்பாள். தம்பியிடம், “சரிடா, சாப்டியா?” என்றாள்.

பொறியாளர் சொன்னபடி வந்தார். ஒவ்வொரு சுவரையும் தட்டித் தட்டிப் பார்த்தார். உத்தரத்தில் ஏணி வைத்து ஏறினார். “இன்னும் ரெண்டு தலைமுறைக்கு நிக்கும்மா,” என்றார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் கூடத்தில் ஒரே கூச்சல். மலையம்மாள் கேசரி கிண்ட அடுப்பைப் பற்றவைத்தாள். பத்மாசினி யாரிடமும் பேசாமல் போய், புதுக்காரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். முனீஸ்வரி அதைப் பார்த்துக் கண் கலங்கினாள். ஒரு வருஷ அலைச்சல்.

கேசரியைக் கையில் வாங்கியபோது ஆத்தாவிடமிருந்து போன்.

“செல்வி பாத்ரூம்புல வழுக்கி விழுந்துட்டாத்தா. காதுல ரத்தமா வருது. ஆம்புலன்சுல கொண்டுபோறோம். நீ பெரியாஸ்பத்திரிக்கு வந்துரு.”

வழுக்கி விழுந்ததாகச் சொல்லி வந்த பெண்களை முனீஸ்வரி நிறையப் பார்த்திருக்கிறாள். கேசரியை இலையோடு மூடித் திண்டில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

“என்ன முனீசு?” என்றாள் பத்மாசினி. “முகமெல்லாம் வெளிறிப் போச்சே?”

“தம்பி பொண்டாட்டி விழுந்துட்டாளாம்.”

“இரு, நாங்களும் வாரோம்.”

வேண்டாம் என்று சொல்லப் போனவள், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் செல்வி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இடது கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. இடது காதில் பஞ்சு. வலது மணிக்கட்டில் கட்டு. கட்டிலின் கால்மாட்டில் வாணி சம்மணம் போட்டு உட்கார்ந்து, யாரோ கொடுத்த பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. ஒச்சாயி தரையில் முக்காடு போட்டுக் குந்தியிருந்தாள். நல்லகாமனைக் காணவில்லை.

“காதுச் சவ்வு கிழிஞ்சிருக்கு. உள்ள நரம்பும் அடிபட்டிருக்கு,” என்றார் டாக்டர். சின்ன வயசுப் பெண். “எடதுல கேக்குறது இனிமே கஷ்டம். விழுந்தா இப்படி ஆகாதும்மா. அறைஞ்சு, அதோட செவத்துல மோதியிருக்கணும். போலீசுக்குத் தகவல் போயிருச்சு.”

பத்மாசினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செல்வியின் கால்விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, இம்புட்டு நாளா அடி வாங்கிக்கிட்டா இருந்த? ஒங்க மதினி செயலாளர். பின்னாடி ரூமு சும்மாதான கெடக்கு. ஒரு எட்டு நம்மகிட்ட வந்திருக்கக் கூடாதா?”

முனீஸ்வரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெளியே ஒரு ஆயா, தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். செல்வியின் திறந்திருந்த ஒற்றைக் கண் பத்மாசினியைப் பார்த்தது. அப்புறம் அவளைத் தாண்டி முனீஸ்வரியிடம் வந்தது.

“வரணும்னு தோணலக்கா,” என்றாள்.

அந்த நேரத்தில் வாணி பன்னை மென்றுகொண்டே கேட்டது: “அத்தை, ரூமு காஞ்சிருச்சா?”

பத்மாசினி திரும்பினாள். “எந்த ரூமும்மா?”

முனீஸ்வரி ஜன்னலை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

“வீட்டு ரூமுக்கா,” என்றாள் செல்வி. வீங்கிய வாயால் ஒவ்வொரு வார்த்தையாக. “மழைக்கு ஒழுகிச்சு. அதக் கேக்குறா.”

“பாவம், பிள்ள பயந்திருக்கு,” என்று மலையம்மாள் வாணியைத் தூக்கிக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போன முனீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. அழகுராஜா தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“ஏங்க, அவ மொதல்ல எங்கிட்டதான் வந்தா,” என்றாள்.

அவள் சொல்லி முடிக்கிறவரை அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “சொல்லிட்டியா அங்க?”

“இல்ல.”

“நானா இருந்தாலும் வீட்டுக்குத்தான் அனுப்பிருப்பேன். அதுக்காக அது சரின்னு ஆயிருமா? மாப்ளைக்கு நானும் நாலு தடவ வக்காலத்து வாங்கியிருக்கேன்.” கையைக் கழுவப் போனவர் நின்று சொன்னார்: “நாளைக்கு ஸ்டேசனுக்குக் கூப்பிடுவாங்க. அங்கயாச்சும் மாத்திப் பேசாத.”

ஒச்சாயி விடியக் காலையிலேயே வந்துவிட்டாள். காலைப் பிடிக்காத குறை.

“நீ ஒரு வார்த்த சொன்னா அவ கேஸு குடுக்க மாட்டா முனீசு. ஒந்தம்பி ஜெயிலுக்குப் போனா வண்டியத் தூக்கிட்டுப் போயிருவான் பைனான்சுக்காரன். இடுப்புல வச்சு வளத்தவ நீ.”

“வளத்தேன் ஆத்தா. அதான் வயிறு எரியுது.”

“அவ வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டுப் போறா. நீ ஏன் கெடந்து துடிக்கிற?”

“அவ அப்படிச் சொல்லலயே. நீதான சொன்ன.”

ஒச்சாயி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். போகும்போது, “நான் எங்க போயி இருப்பேன்?” என்று மட்டும் கேட்டாள். அது நியாயமான கேள்வியாகத்தான் முனீஸ்வரிக்குப் பட்டது. “இங்க இருக்கலாம் ஆத்தா” என்றாள். கிழவி திரும்பிப் பார்க்காமல் மழையில் இறங்கிப் போனாள்.

மகளிர் ஸ்டேஷனில் நல்லகாமன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து, சட்டையில் ஒரு பித்தான் இல்லாமல், காய்ச்சல்காரனைப் போல இருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

“அக்கா, சொல்லுக்கா இவங்ககிட்ட. நான் அப்படிப்பட்டவனா?”

எந்தக் காலத்திலோ காய்ச்சலில் இதே முகத்தோடு அவள் மடியில் கிடந்தவன். முனீஸ்வரி அவனைத் தாண்டிப் போய் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தெரிந்ததையெல்லாம் சொன்னாள். போன வருஷம் செல்வியின் முதுகில் பார்த்த பெல்ட் தழும்பு. அருவாமனை. ஆத்தாவின் போன். எழுதிக்கொண்டிருந்த ஏட்டம்மா தலை நிமிராமல் எழுதினாள்.

“நீயுமாக்கா?” என்று பின்னால் அவன் குரல் உடைந்தது. முனீஸ்வரி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

“இன்னொன்னும் எழுதிக்கங்கம்மா. அதுக்கு முந்தி அவ எங்கிட்ட வந்தா. தங்க எடம் கேட்டா. எடம் இருந்துச்சு. இல்லன்னு பொய் சொல்லி நான்தான் திருப்பி அனுப்பினேன்.”

ஏட்டம்மா பேனாவைத் தூக்கினாள். “அது குத்தம் இல்லம்மா. அதெல்லாம் இதுல வராது. கையெழுத்துப் போடுங்க.”

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோதும் அந்தப் பொய் அவளோடேயே வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் செல்வியைச் சங்கத்துப் பின்னறைக்குக் கொண்டுவந்தார்கள். மலையம்மாள் இரண்டு வேளையும் ஆட்டுக்கால் ரசம் வைத்துக் கொடுத்தாள். பத்மாசினி தன் வீட்டிலிருந்து புதுச் சுங்குடிச் சேலை ஒன்று எடுத்து வந்தாள். முனீஸ்வரி செல்விக்குத் தலை பின்னிவிட்டாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள், துணி அலசினாள். யாரும் கேட்காத வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “ஒன்னைய மாதிரி ஒரு மதினி யாருக்கு வாய்க்கும்?” என்று மலையம்மாள் சொன்ன அன்றைக்கு, கையிலிருந்த வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போய் நின்றாள்.

விழாவுக்கு முந்தின நாள் மழை விட்டு வெறித்திருந்தது. கூடத்தில் நாற்காலி இழுக்கிற சத்தமும் தோரணம் கட்டுகிற பேச்சும். பின்னறையில் செல்வி, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் நாளைக்கான சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி கதவைச் சாத்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. முறத்தைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் பேசினாள்.

“செல்வி, அன்னைக்கு நான் சொன்னது பொய்த்தா. இந்த ரூமுல காரை பூசல. என் தம்பின்னு வெளிய தெரிஞ்சிரும்னு பயந்துட்டேன். மானம் போயிரும்னு. ஒன்னையத் திருப்பி அனுப்பினது நான்தான். அன்னைக்கு உள்ள விட்டிருந்தா ஒனக்கு இந்த நெலம வந்திருக்காது.”

வெங்காயத் தோல் சரசரவென்று உரிந்துகொண்டேயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் செல்வி திரும்பினாள்.

“என்னமோ சொன்னீங்களா மதினி? அந்தப் பக்கம் கேக்கலயே. இங்கிட்டு வந்து சொல்லுங்க.”

முனீஸ்வரி எழுந்தாள். கட்டிலைச் சுற்றி வந்து வலது பக்கம் தரையில் உட்கார்ந்தாள். முதல் தடவை வந்த வார்த்தைகள் இப்போது வரவில்லை.

“இந்த ரூமு அன்னைக்கு ஈரமா இல்ல,” என்றாள். அவ்வளவுதான் முடிந்தது.

“தெரியும் மதினி.”

“தெரியுமா?”

“சந்துல நிக்க வச்சுப் பேசினீங்கள்ல. ஒங்க தலைக்குப் பின்னாடிதான் இந்த ஜன்னலு. தொறந்துதான் கெடந்துச்சு. கட்டில்ல போர்வ மடிச்சு வச்சிருந்துச்சு. நீங்க ஈரம்னு சொல்றீங்க, நான் போர்வையப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.”

“கேட்டிருக்கலாம்லத்தா. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல.”

“நீங்களே வேணாம்னு நெனைச்சுட்டீங்க. பெறகு யார்ட்டக் கேக்க?” செல்வி உரித்த வெங்காயத்தை முறத்தில் போட்டாள். “எனக்கு ஒங்க மேல கோவம் இருக்கு மதினி. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து ரொம்ப இருக்கு. ஆனா ஸ்டேசன்ல ஒங்க தம்பிய வச்சுக்கிட்டே சொன்னீங்களாம்ல, அதுவும் மனசுல இருக்கு. ரெண்டையும் என்ன செய்யன்னு எனக்குத் தெரியல.”

“நான் என்ன செய்யணும், சொல்லு. என்னன்னாலும் செய்யுறேன்.”

“டீச்சரக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க. அவங்க தெனமும் வந்து, மொதல்லயே வந்திருக்கலாம்ல, மொதல்லயே வந்திருக்கலாம்லன்னு கேக்குறாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு இருக்க வேண்டியிருக்கு. அவரு அடிச்சத அம்புட்டு வருசம் மறைச்சேன். வழுக்கி விழுந்தேன், கதவு இடிச்சிருச்சு, மாடு முட்டிருச்சு. இப்ப ஒங்களுக்காகவும் மறைக்கணுமா? என்னால முடியல மதினி.”

முனீஸ்வரி தலையை ஆட்டினாள். எழுந்து, சேலையை உதறிச் சரி செய்துகொண்டு, கூடத்துக்குப் போனாள்.

கூடத்தில் பெண்கள் பாயில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருக்க, பத்மாசினி மறுநாள் பேச வேண்டியதை நின்றுகொண்டு வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் வகுப்பறைக் குரல்.

“…வெள்ளம் வந்த வருஷங்களிலும் இங்கே அடுப்பு அணைந்ததில்லை. இந்த நூறு வருஷத்தில், அடைக்கலம் என்று இந்த வாசலுக்கு வந்த எந்தப் பெண்ணையும் நாம் திருப்பி அனுப்பியதில்லை.”

“டீச்சரக்கா,” என்றாள் முனீஸ்வரி. “அந்த வரிய வாசிக்க வேணாம்.”

“ஏன், நல்லாத்தான இருக்கு?”

“அது பொய்.”

பூக்கட்டிய கைகள் நின்றன. முனீஸ்வரி தூணைப் பிடித்துக்கொண்டு, எதையும் குறைக்காமல் சொன்னாள். சந்து, மழை, தக்காளிச் சாதம், ஆட்டோ. பிள்ளை எப்ப காயும் என்று கேட்டது. வராந்தாவுக்கு வந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவள் என்று சொன்னது. மலையம்மாளிடமிருந்து “ஐயோ” என்று ஒரு சத்தம் வந்தது.

பத்மாசினி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

“எத்தன பேர் வாசல்ல போயி நின்னிருக்கோம் முனீஸ்வரி, நீயும் நானும்,” என்றாள்.

முனீசு என்று கூப்பிடுகிறவள் முழுப் பெயரையும் சொன்னது அவளுக்கு வலித்தது. வலிக்கட்டும் என்று நின்றாள்.

“பொறுப்புல இருந்து நான் வெலகிக்கிறேன்க்கா.”

“வெலகிக்க,” என்றாள் பத்மாசினி உடனே. அப்புறம், “வேலையில இருந்து வெலகாத. நாளைக்குப் பந்தி பரிமாற ஆள் பத்தாது” என்றாள். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

மறுநாள் விழாவுக்கு நல்ல கூட்டம். வராந்தா வரைக்கும் நாற்காலி. புதுக்காரைச் சுவரில் வெயில் பட்டுப் பால் மாதிரி மின்ன, வந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்கள். மேடையில் செயலாளர் நாற்காலியில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, முனீஸ்வரிக்குச் சமையல் பக்கம் வேலை என்று பதில் சொன்னார்கள். அவள் சாம்பார் வாளியோடு கூடத்தின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

பத்மாசினி பேசினாள். கைராட்டை, தையல், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, நோட்டீஸ், கடுக்காய். வெள்ளம் வந்த வருஷங்களிலும் இங்கே அடுப்பு அணைந்ததில்லை என்றாள். கை தட்டினார்கள். தட்டி ஓய்ந்த பிறகும் அவள் உடனே தொடரவில்லை. தாளைப் பார்த்தாள், ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். பேச்சு நன்கொடையாளர்களுக்கு நன்றி சொல்லப் போய்விட்டது. கூட்டத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கடைசி வரிசையில், வலது காது மேடைப் பக்கம் இருக்கும்படி ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள் செல்வி. மடியில் வாணி. அவள் கழுத்தைத் திருப்பி, கதவோரம் நின்றவளை ஒரு தடவை பார்த்தாள். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அப்புறம் பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

முனீஸ்வரிக்கு அது தனக்காகத்தானா என்று நிச்சயமில்லை. வாளியைச் சுவரோரமாக வைத்துவிட்டுப் போய், அந்த நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.